‘கழுத்திலிருந்து 7 இன்ச்’: அலுவலகக் கடிதம் எழுதப் பழகுவது பற்றி

கேள்வி இதுதான்: “திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவராக) இருக்கிறேன். பள்ளிப்படிப்பு தமிழ்வழி. இலக்கணப் பிழை இல்லாமல்தான் மெயில் எழுதுகிறேன். ஆனாலும், என்ன சொல்ல வருகிறாய் என்றே புரியவில்லை என்று மேலாளர் அடிக்கடி சொல்கிறார். ஆங்கில வகுப்பில் சேரட்டுமா? வேறு வழி இருக்கிறதா?”

வகுப்புக்குக் கட்ட எடுத்துவைத்த பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பிழையில்லாமல் எழுதுகிறேன் என்கிறீர்கள். அவரோ பிழை என்று சொல்லவில்லை, புரியவில்லை என்கிறார். இரண்டும் வேறு நோய்கள். ஒன்றுக்கு உண்டான மருந்தை மற்றொன்றுக்குச் சாப்பிட்டால் குணமாகாது.

நானும் இதே தொழிலில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தவன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் என் கீழிருந்த பிள்ளைகளின் மெயில்களைப் படித்துத் திருத்துவதே பாதி வேலையாக இருந்தது. இலக்கணப் பிழையால் ஓர் ஆர்டர் கெட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. ஒரு சொல் விடுபட்டதால் கெட்ட ஆர்டர்கள் நிறைய. அதில் முதலாவது நானே கெடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஒரு டீ-ஷர்ட்டில் நெஞ்சுப் பகுதியில் பிரிண்ட். தோள்பட்டையில், கழுத்தை ஒட்டிய உச்சிப் புள்ளியிலிருந்து 7 இன்ச் கீழே பிரிண்ட் தொடங்க வேண்டும் என்று, ஆர்டர் கொடுத்து வாங்குகிற பையர் அனுப்பிய அளவுத்தாளில் இருந்தது. பிரிண்டிங் யூனிட்டுக்கு நான் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியது: ‘கழுத்திலிருந்து 7 இன்ச்.’ என் மனத்தில் தோள்பட்டைப் புள்ளி பளிச்சென்று இருந்ததால் அதைத் தாளில் எழுதாதது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் முன்கழுத்தின் நடுவிலிருந்து அளந்தார்கள். அந்த டீ-ஷர்ட்டின் கழுத்து இறக்கம் 4 இன்ச். ஆகவே பிரிண்ட் 4 இன்ச் இறங்கி, நெஞ்சில் இருக்க வேண்டிய படம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. 2,400 பீஸ். நான் குதித்துக்கொண்டு போய் நின்றபோது அந்த யூனிட்டின் மாஸ்டர் கோபப்படவே இல்லை. சீட்டை எடுத்து என் கையில் கொடுத்து, “கழுத்து என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், தம்பி?” என்றார்.

அந்தச் சீட்டில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

நேரில் பேசும்போது கை காட்டுகிறோம், முகம் பார்க்கிறோம், எதிராளி புருவத்தைச் சுருக்கினால் இன்னொரு முறை சொல்கிறோம். எழுத்தில் இவை எதுவும் கிடையாது. உங்கள் மெயிலைப் படிப்பவர் வேறு ஊரில், வேறு நேரத்தில், அன்றைக்கு வந்த நூறு மெயில்களுக்கு நடுவில் படிக்கிறார். உங்கள் மேஜையில் இருக்கும் சாம்பிள் அவர் மேஜையில் இல்லை. நேற்று நீங்கள் டையிங் யூனிட்டில், அதாவது துணிக்குச் சாயம் போடும் இடத்தில், நின்று பார்த்தது அவருக்குத் தெரியாது. உங்கள் தலைக்குள் இருப்பதில் எவ்வளவு தாளுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் இந்தத் திறமையில் முக்கால்வாசி. அது ஆங்கிலத் திறமை அல்ல. தமிழில் எழுதினாலும் இதே சிக்கல்தான். என் சீட்டு தமிழில்தான் இருந்தது.

இதை நமக்குச் சொல்லித்தர வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. பள்ளியில் தமிழ் ஐயா மனப்பாடம் செய்யச் சொல்லி நாம் வேண்டாவெறுப்பாக ஒப்பித்த நன்னூலில் இருக்கிறது. ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் வரிசையாகச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பத்தில் வழூஉச்சொல், அதாவது பிழையான சொல், ஒன்றுதான் நீங்கள் பயப்படுகிற பிழைக் கணக்கில் வரும். மற்ற ஒன்பதும் பிழையே இல்லாமல் செய்யக்கூடிய குற்றங்கள். தமிழ்வழியில் படித்ததைக் குறை போலச் சொல்கிறீர்கள். இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சோதனைத்தாள் இருக்கிறது.

ஏற்றுமதி அலுவலகங்களில் நான் அதிகம் பார்த்தது இரண்டு: வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்லும் குன்றக் கூறல், இரண்டு பொருள் படும்படி சொல்லும் மயங்க வைத்தல். முதலாவது என் சீட்டு. இரண்டாவதற்குத் தேதியே போதும். 05/06 என்று நீங்கள் எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கப் பையருக்கு மே 6. இருவரும் தத்தம் பழக்கப்படிதான் படிக்கிறார்கள், யார் மேலும் தப்பில்லை, ஆனால் இடையில் ஒரு மாதம் காணாமல் போகிறது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கூடவே கிழமையையும் எழுதுங்கள். ‘ஜூன் 3, திங்கள்’ என்று எழுதிவிட்டால் தேதியைத் தவறாக அடித்திருந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். ‘இன்று மாலைக்குள்’ என்பதும் அப்படித்தான். நியூயார்க்கில் மாலை 5 மணி ஆகும்போது கோடைக்காலத்தில் நமக்கு விடிகாலை 2.30. யாருடைய மாலை என்று சொல்ல வேண்டாமா?

‘சீக்கிரம்’, ‘கொஞ்சம் டார்க்’, ‘பழைய ஆர்டர் மாதிரியே’, ‘சின்ன மாற்றம்’ போன்ற சொற்களும் மயங்க வைப்பவைதான். பழைய ஆர்டர் என்றால் எது? அந்த ஆர்டரில் முதல் லேப் டிப்பா (ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் நிற மாதிரித் துணி), மூன்றாவதாக ஒப்புதல் ஆனதா? 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 160 கிராம் என்பது, சாயத்துக்கு முன்பா, துணியை இறுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்த பிறகா? ஆர்டர் எண்ணையும் ஒப்புதல் தேதியையும் எந்த லேப் டிப் என்பதையும் எழுதக் கூடுதலாக அரை நிமிடம்தான் ஆகும். எழுதாவிட்டால் நாலு மெயில் போய் நாலு மெயில் வரும்.

அடுத்தது, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிக்கும் மற்றொன்று விரித்தலும், போகப் போகத் தேய்ந்து முடியும் சென்று தேய்ந்து இறுதலும். இவை அறிவுக்குறைவால் வருவதில்லை, நம் மரியாதைப் பழக்கத்தால் வருகின்றன. ஒருவர் வீட்டுக்குக் காரியமாகப் போனால் நாம் வாசலிலேயே காரியத்தைச் சொல்வதில்லை. தண்ணீர் குடித்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, மழை பெய்ததா என்று கேட்டு, எழுந்திருக்கப் போகும்போது, “அப்புறம் அந்தப் பணம்...” என்று இழுப்போம். நேரில் அது அழகு. அதே பழக்கம் மெயிலுக்குள் வந்துவிட்டால், கெட்ட செய்தி ஆறாவது பத்தியில் ஒளிந்துகொள்கிறது. அதைப் படிக்காமலேயே பையர், “நன்றி, தொடருங்கள்” என்று பதில் போட்டுவிடுகிறார். இரண்டு வாரம் கழித்து வெடிக்கிறது.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். மழை பெய்ததால், லாரி வராததால், நூல் கிடைக்காததால் என்று காரணங்களை அடுக்கி முடித்த பிறகுதான் என்ன ஆயிற்று என்று சொல்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் மனம் அந்த வரிசையிலேயே ஓடுகிறது. இதற்காக மொழியைக் குறை சொல்ல வேண்டாம். ‘ஷிப்மெண்ட் ஒரு வாரம் தள்ளும்’ என்று முதலில் ஒரு குட்டி வாக்கியம் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, பிறகு காரணத்தைச் சொல்லத் தமிழில் என்ன தடை?

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் எழுதியது போன்ற மெயில். எண்களும் நாட்களும் நானாகப் போட்டவை. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது:

‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். மேற்படி ஆர்டர் தொடர்பாகத் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், நிட்டிங் நல்லபடியாக முடிந்துவிட்டது. டையிங்கில் சில எதிர்பாராத பிரச்சினைகள் ஏற்பட்டுள்ளன. எங்கள் குழு இரவு பகலாக முயன்று வருகிறது. இதனால் ஷிப்மெண்டில் சிறிது தாமதம் ஏற்பட வாய்ப்புள்ளது. தயவுசெய்து ஒத்துழைத்து, தேவையானதைச் செய்யவும்.’

இதைப் படித்த பையர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை நாள் தாமதம், எல்லா நிறமுமா, ‘தேவையானது’ என்பது என்ன, ஒன்றுமே இல்லை. இதே செய்தியை உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

‘ஸ்டைல் 4471, மொத்தம் 6,000 பீஸ். நேவி நிறம் 2,000 பீஸ் மட்டும் ஜூன் 12, புதனுக்குப் பதிலாக ஜூன் 19, புதன் அன்றுதான் தயாராகும். வெள்ளையும் சாம்பலும் சேர்ந்து 4,000 பீஸ் ஜூன் 12 அன்றே தயார். நேவி துணியின் நிறம் ஒப்புதலான லேப் டிப்போடு ஒத்துவரவில்லை, மறுசாயத்துக்கு அனுப்பியிருக்கிறோம். 4,000 பீஸை முதலில் அனுப்பிவிட்டு நேவியைப் பின்னால் அனுப்பலாம். அல்லது 6,000 பீஸையும் சேர்த்து ஜூன் 19 அனுப்பலாம். எது வேண்டும் என்று ஜூன் 4, செவ்வாய், உங்கள் நேரம் மாலை 5 மணிக்குள் சொன்னால் கப்பலில் இடம் பதிவு செய்துவிடுவோம்.’

இரண்டாவதில் மன்னிப்பு கேட்கவில்லையே என்று அந்தப் பெண் தயங்கினார். ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பையருக்கு வேண்டியது உங்கள் வருத்தம் அல்ல. தன் கடைக்காரரிடம் அவர் என்ன பதில் சொல்வது என்பது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் அதுவே பெரிய மரியாதை.

இரண்டாவது மெயில் முதலாவதைவிட நீளமானது என்பதையும் பாருங்கள். ‘சுருக்கமாக எழுது’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாதி அறிவுரை என்றுதான் நான் சொல்வேன். சுருக்குகிறேன் என்று எண்ணையும் தேதியையும் வெட்டிவிட்டு, ‘எனவே மேற்படி விஷயம் தொடர்பாக’ என்பதை அப்படியே விட்டுவைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்றால், எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இதைப் படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? ஒப்புதல் தர வேண்டுமா, தேர்ந்தெடுக்க வேண்டுமா, பணம் அனுப்ப வேண்டுமா, சும்மா தெரிந்துகொண்டால் போதுமா? பதில் ஒரு வரியில் வரவில்லை என்றால் மெயிலைத் திறக்காதீர்கள்; உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். பல நேரம் எழுத்துக் குழப்பமாகத் தெரிவது உண்மையில் முடிவெடுக்காத குழப்பம்தான். டையிங் யூனிட்டுக்கு போன் போட்டு, “அண்ணா, எந்தத் தேதிக்குத் துணி வரும்?” என்று கேட்காமலே எழுத உட்கார்ந்தால், ‘கூடிய விரைவில்’ என்றுதான் எழுத வரும். வேறு எதை எழுத முடியும்?

படிப்பவரை ஓர் ஆளாக நினைத்துக்கொள்வதும் உதவும். முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் நிறுவனத்தின் ஆண்டுக் கடிதத்தை எழுதிவந்த காலத்தில், தன் சகோதரிகள் டோரிஸிடமும் பெர்ட்டியிடமும் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதினாராம். எளிய ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1998-ல் வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். சகோதரிகள் அறிவாளிகள், ஆனால் கணக்கியல் வல்லுநர்கள் அல்லர். நான் எனக்கு அந்தப் பிரிண்டிங் மாஸ்டரை வைத்துக்கொண்டேன். இன்றும் எதை எழுதினாலும் அவர் சீட்டை நீட்டுவது கண்முன் வரும்.

‘கன்ஃபர்ம்டு’ என்ற சொல்லை யோசித்து எழுதுங்கள். ‘பார்த்துவிட்டேன்’ என்ற பொருளில் அதை அடித்துவிடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மெயிலில் தரும் சம்மதமே ஒப்பந்தமாகிவிடலாம். 2007 அக்டோபரில் துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் என்ற நிறுவனம், ஆஸ்திரேலிய பாக்சைட் தருவதாக வேதாந்தா அலுமினியத்துக்கு மெயில் அனுப்பியது. ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் என்று மறுநாள் மெயிலில் பதில் போனது. பிறகு தகராறு வந்தபோது, முறையான ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லையே என்று வேதாந்தா தரப்பில் வாதிட்டார்கள். மெயில் வழியாகவே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நம் பக்கத்து ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி ப. சதாசிவம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் மின்னணு வழியில் முடிந்த ஒப்பந்தத்தை, மின்னணு என்ற காரணத்துக்காக மட்டும் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது. எனவே கிடைத்தது என்றால் கிடைத்தது என்று எழுதுங்கள். சம்மதம் என்றால், எதற்கு, எத்தனை பீஸுக்கு, எந்த விலைக்குச் சம்மதம் என்று எழுதுங்கள். உங்களுக்கு அதிகாரம் இல்லாத விஷயம் என்றால், ‘மேலாளரிடம் கேட்டுவிட்டு வியாழன் சொல்கிறேன்’ என்பது கௌரவக் குறைவான வாக்கியம் அல்ல.

போனில் பேசி முடித்தவுடன், ‘இப்போது பேசியதன்படி’ என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிடுவது இதன் மறுபக்கம். நம் ஊரில் பாதி வியாபாரம் போனிலும் டீக்கடையிலும் முடிகிறது. அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். மூன்று வரி போதும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டால் தப்பித்துக்கொண்டதாக நினைப்பீர்கள். சில சொற்கள் நமக்குள் செல்லும், வெளியே செல்லாது. ‘டவுட்’ என்று நாம் எழுதுவது வெறும் கேள்விதான். வெளிநாட்டுக்காரருக்கு, தன்னைச் சந்தேகப்படுவதாகப் படலாம். ‘டூ தி நீட்ஃபுல்’ என்பது நம் அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தேவையானது எது என்று சொல்லாமல் தப்பிக்க உதவுவதால்தான் இவ்வளவு காலம் வாழ்கிறது என்பது என் சந்தேகம். ‘ரிவர்ட்’ என்பதைப் ‘பதில் தாருங்கள்’ என்ற பொருளில் எழுதுகிறோம். பழைய நிலைக்குத் திரும்புவது என்பதுதான் அந்தச் சொல்லின் வழக்கமான பொருள். இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்களைத் திருத்திக்கொண்டால் தொழிலுக்குப் போதும். உங்கள் பையர்களில் யாராவது ஒருவர் தெளிவாக எழுதுவார். அவருடைய மெயில்களைத் தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். சாம்பிள் நிராகரிப்பதை எப்படிச் சொல்கிறார், விலையைக் குறைக்க எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். நம் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஆகாதா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். வழூஉச்சொல்லை அது அழகாகத் திருத்தித் தரும். குன்றக் கூறலை அதனால் திருத்த முடியாது. நேவி துணி எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. மிகைபடக் கூறலை அதுவாகவே சேர்த்துவிடும் அபாயமும் உண்டு. ‘கழுத்திலிருந்து 7 இன்ச்’ என்று கொடுத்திருந்தால், மிக நேர்த்தியான ஆங்கிலத்தில் அதே தவறைச் செய்து தந்திருக்கும்.

பயிற்சி என்று நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், அதற்குக் காசும் வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாக ஏதாவது கேள்வி வந்தால் அந்தக் கேள்வியை அதில் எழுதுங்கள். ‘எந்த ஸ்டைல்?’ ‘எந்தத் தேதி?’ ‘இணைப்பு எங்கே?’ ‘இதில் நான் என்ன செய்ய வேண்டும்?’ ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரி. மூன்று வாரம் எழுதினால் அதே நாலைந்து கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் அந்த நாலைந்து வேறு. என்னுடையது எப்போதும் ‘எங்கிருந்து அளப்பது?’ வகை. என் நண்பர் ஒருவருக்கு எப்போதும் ‘யார் செய்ய வேண்டும்?’ அவர் எழுதுவதில் எல்லாமே தானாக நடக்கும்: சாம்பிள் அனுப்பப்படும், துணி பரிசோதிக்கப்படும், யார் அனுப்புவார், யார் பரிசோதிப்பார் என்று இருக்காது. உங்கள் நாலைந்தை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து, அனுப்பும் முன் அவற்றை மட்டும் பாருங்கள்.

கெட்ட செய்தி, பணத் தகராறு, யார் மீதாவது குற்றம் சொல்லும் மெயில் என்றால் எழுதிவிட்டு, அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பக்கத்து மேஜை கணக்கர் போதும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார். ‘இதில் நான் என்ன கேட்டிருக்கிறேன்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் அனுப்புங்கள். இரவு பத்து மணிக்குக் கோபத்தில் எழுதியதைக் காலையில்தான் அனுப்ப வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மெயிலின் தலைப்பு வரி பற்றி ஒரு வார்த்தை. ‘சாம்பிள்’ என்று மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய மெயிலிலேயே இன்று விலைப் பேச்சும் நடத்தினால், தகராறு வரும் நாளில் தேடி எடுக்க முடியாது. விஷயம் மாறினால் புது மெயில்; தலைப்பில் ஸ்டைல் எண், விஷயம், தேவைப்படும் தேதி.

கடைசியாக உங்கள் மேலாளர். புரியவில்லை என்று அடிக்கடி சொல்கிறார் என்கிறீர்கள். எந்த வரி புரியவில்லை என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? வெறுமனே ‘புரியவில்லை’ என்று அவர் சொன்னதும் நின்று பயன் இன்மைதான், சொல் இருந்தும் உங்களுக்குப் பயன் இல்லை. வேலை குறைவாக இருக்கும் ஒரு நாள் பார்த்து, நீங்கள் எழுதியதில் அவரைத் திணறவைத்த மூன்று மெயில்களை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.